மகள் புத்தகத்துக்கு லவான் எழுதிய சீட்டு

எங்கள் நியூ டாக்கம் ஊர்த் திருச்சபை நூலகத்துக்கு வந்து சேரும் எந்தக் கதைப் புத்தகமும் முதலில் லவான் டைக்ஹவுஸ் கைக்குத்தான் போகும். அவளிடமிருந்து ஒரு புத்தகமும் தப்பியதில்லை. முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசியில் ஆசிரியர் தன் நாய்க்குட்டிக்கு நன்றி சொல்லும் இடம் வரைக்கும் விடாமல் படிப்பாள். படித்து முடித்ததும் அட்டையின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுவாள். சீட்டின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் ‘பலம்’, வலப்பக்கம் ‘பலவீனம்’. அந்தச் சீட்டு ஒட்டின பிறகுதான் புத்தகம் அலமாரி ஏறும்.

இதெல்லாம் எதற்கு என்று வெளியூரிலிருந்து வந்து சபையில் சேர்ந்தவர்கள் கேட்பதுண்டு. நல்லாக் கேட்டார்கள் போங்கள். வீட்டில் பிள்ளை எதைப் படிக்கிறது என்று தாய்க்குத் தெரிய வேண்டாமா? சீட்டைப் பார்த்தால் போதும், புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். இதில் ஒரே ஒரு கூத்து என்னவென்றால், வளர்ந்த பிள்ளைகள் வலப்பக்கம் நீளமாக இருக்கிற புத்தகமாகப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். ‘முத்தக் காட்சி இரண்டு இடங்களில், தேவையற்றது’ என்று லவான் எழுதிவிட்டால், அந்தப் புத்தகம் அலமாரியில் தங்கவே தங்காது. இது லவானுக்குத் தெரியாது. சொல்லவும் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

இடப்பக்கம் எப்போதும் சுருக்கம்தான். ‘மொழி சுத்தம். கதை பரவாயில்லை.’ லவான் ‘பரவாயில்லை’ என்று எழுதினாள் என்றால் அது பெரிய விருது. நம் ஆட்களே அப்படித்தானே? கல்யாண விருந்தில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வெளியே வந்து, “ஹாம் கறியில கொஞ்சம் உப்புக் கம்மி” என்று சொல்லாமல் காரில் ஏற மாட்டோம். சமைத்தவளும் அதைக் கேட்டால்தான் நிம்மதியாவாள். ஒன்றும் சொல்லாமல் போனால், சாப்பாடு அவ்வளவு மோசமா என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பாள்.

லவானுக்கு இந்தப் பழக்கம் அப்பன் வீட்டுச் சீதனம். அவள் அப்பா கறுப்பு மண்ணில் செலரிக் கீரை பயிரிட்டவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மேசைக்கு வந்தால் ஒரு கையால் மாட்டிறைச்சியை அறுப்பார், வாயால் போதகரின் பிரசங்கத்தை அறுப்பார். பெண்பிள்ளைகள் வரிசையாக ஆளுக்கு ஒரு நல்லதும் ஒரு குறையும் சொல்ல வேண்டும். சின்னவளாக இருந்தபோது ஒரு தடவை லவான், “எல்லாமே நல்லா இருந்துச்சுப்பா” என்று சொல்லிவிட்டாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ நீ தூங்கிட்ட” என்றார். அக்காமார் சிரித்தார்கள். அதற்குப் பிறகு லவான் கோயிலில் உட்கார்ந்தாலே காது இரண்டும் குறையைத் தேடித்தான் நிமிர்ந்து நிற்கும். ஒரு பொருளைக் கவனித்துப் பார்த்தால் அதில் ஒரு குறையாவது கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் அவள் கணக்கு.

பால் வண்டி ஓட்டிய கெரிட் டைக்ஹவுஸைக் கட்டினாள். நாற்காலி தொழிற்சாலையில் இருக்கைத் துணி தைத்தாள். முதுகு ஒத்துழைக்காமல் போனபோது அதை விட்டுவிட்டுச் சபை நூலகத்துக்கு வந்தாள். ரொம்ப நாள் காத்திருந்து ஒரே ஒரு பெண், கெண்ட்ரா. எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை. லவான் அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தாள். அதனால்தான் அவள் எழுதியதில் ஒரு வரிகூட விடாமல் பென்சிலால் திருத்துவாள்.

எங்கள் சபையில் பிள்ளைகள் வளர்ந்ததும் சபையை நடத்தும் மூப்பர்கள் முன்னால் போய் உட்கார்ந்து தங்கள் விசுவாசத்தைச் சொல்ல வேண்டும். மூப்பர்கள் திருப்தியானால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் எழுந்து நின்று அறிக்கை செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடைக்கும். கெண்ட்ராவின் முறை வந்தபோது அவள் தன் அறிக்கையை ஒரு தாளில் எழுதி, மூப்பர்களிடம் போவதற்கு முன்னால் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். லவான் எப்போதும்போல் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“‘நம்புறேன்னு நினைக்கிறேன்’னு எழுதியிருக்க. அந்த ‘நினைக்கிறேன்’ வேண்டாம், எடுத்துடு. இந்த இடத்துல வேத வசனமே இல்ல. பாவத்தைப் பத்தி ஒரு வார்த்தையும் காணோம். கடைசியில ரொம்ப உருகியிருக்க, மூப்பருங்களுக்குப் பிடிக்காது.”

“நல்லதுன்னு ஒண்ணும் இல்லையாம்மா?”

லவான் தாளைத் தூக்கிப் பார்த்து யோசித்தாள். யோசித்துவிட்டு, “கையெழுத்து தெளிவா இருக்கு” என்றாள்.

கெண்ட்ரா அழவில்லை, சண்டை போடவில்லை. திருத்தி எழுதினாள். மூப்பர்களும் சரி என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பெயர்களை வாசித்தார். மற்றப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கெண்ட்ரா வாயில் பெப்பர்மின்ட் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். போதகர் இன்னொரு தடவை பெயரைச் சொன்னார். சபையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை. லவானுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

அப்புறம் கல்லூரி, அப்புறம் வேலை, அப்புறம் அமெரிக்காவின் மேற்குக் கோடியில் டகோமாவில் வீடு. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அப்பா பிறந்தநாளுக்கு ஒரு போன். அங்கே மழை, இங்கே பனி என்று பேசிக்கொள்வார்கள். ஒரு சுடுசொல் கிடையாது. சண்டை இருந்தால் சமாதானமாவது பேசலாம். இது ஒன்றுமே இல்லாமல் ஆறிப்போன உறவு. என்ன செய்வது, எங்கே பிடித்து இழுப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இப்படியே வருஷங்கள் போனபின், ஒரு பிப்ரவரி மாதம், நூலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே கனமான புத்தகம் ஒன்று. அட்டையில் பனி மூடிய நகரம், பித்தளைக் குழாய்கள், மேலே புகைவிடும் பறக்கும் கப்பல். பெயர் ‘கொதிகலன் நகரம்’. எழுதியவர், கெண்ட்ரா டைக்ஹவுஸ்.

நூலகத்தில் லவானுக்குத் துணையாக இருக்கும் தெல்மா கைப்பர்ஸ்தான் பார்சலைப் பிரித்தாள். பின்னட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, “‘கிறிஸ்தவ ஸ்டீம்பங்க் கற்பனைக் கதை’யாம். ஸ்டீம்பங்க்னா என்ன லவான்? முடியை முள்ளு முள்ளா நிமித்தி வச்சுக்கிட்டுத் திரிவாங்களே, அவங்களா?” என்றாள்.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இளம் தாய் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். அவள், “அது இல்ல மிஸஸ் கைப்பர்ஸ். மின்சாரமே வராத உலகம்னு வச்சுக்கோங்க. எல்லாமே நீராவியில ஓடும், பல்சக்கரம், கொதிகலன், பித்தளைப் பறவை. என் பசங்க இதுக்கு உயிரை விடுவாங்க” என்றாள்.

“அதுல கிறிஸ்தவம் எங்கேந்து வந்துச்சு?”

“அதை மிஸஸ் டைக்ஹவுஸ்தானே படிச்சுச் சொல்லணும்” என்று அந்தப் பெண் சிரித்தாள்.

லவான் சிரிக்கவில்லை. அட்டையிலிருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கிறிஸ்தவக் கதை. எழுந்து நிற்காத அந்தப் பெண் எழுதிய கிறிஸ்தவக் கதை. கர்த்தாவே, என்று மட்டும் அவள் மனசுக்குள் வந்தது, மேற்கொண்டு ஜெபம் ஓடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கெண்ட்ரா அப்பாவைக் கூப்பிட்டாள். “புத்தகம் வந்துச்சாப்பா? அம்மாவை எல்லாப் புத்தகத்துக்கும் ஒட்டற மாதிரி சீட்டு ஒட்டச் சொல்லுங்க. அம்மாதான் எழுதணும், வேற யாரும் வேண்டாம். ஈஸ்டருக்கு வரலாம்னு இருக்கேன். சீட்டைக் கேட்டுட்டு முடிவு பண்றேன்.”

கெரிட் போனை வைத்துவிட்டு, ஈஸ்டர் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனார். கெண்ட்ராவின் அறையில் அடுக்கிவைத்திருந்த பழைய சாமான்களை எல்லாம் இறக்க ஆரம்பித்தார். இடுப்பு வலிக்கிற மனுஷன். “மெதுவா, மெதுவா” என்று லவான் கீழேயிருந்து கத்தினாள்.

புத்தகத்தை அவள் முதலில் தனியாகப் படித்தாள். பிறகு மத்தியானக் காப்பிக்கு அப்புறம் கெரிட்டுக்கு வாசித்துக் காட்டினாள். பாதாம் ரொட்டித் துண்டைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே அவர் கேட்பார்.

கதை இதுதான். பனியில் புதைந்த ஒரு நகரம். நடுவில் மலைபோல ஒரு கொதிகலன். எரிக்க ஒன்றுமில்லாமல் போன ஒரு காலத்தில் அந்நகரத்து அரசர் தன்னையே அடுப்பில் போட்டுத் தீயைக் காப்பாற்றினார், அன்றிலிருந்து தீ அணையவில்லை. அங்கிருந்து செப்புக் குழாய்களில் நீராவி வீடு வீடாகப் போகிறது. வீட்டுக்கு வீடு ஒரு முள் வைத்த மானி. சாம்பல் நிற உடை போட்ட அளவுக்காரிகள் வந்து அந்த முள்ளைப் பார்ப்பார்கள். முள் கோட்டுக்குக் கீழே நின்றால் அந்த வீட்டில் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று அர்த்தம், வால்வை மூடிவிடுவார்கள். தலைமை அளவுக்காரியின் மகள் பெயர் இஸ்ஸா. அவள் அறை முள் மட்டும் நிலையாக நிற்காது, எப்போதும் நடுங்கும். ஒருநாள் தாய், காதில் செருகிய பென்சிலை எடுத்துக் குறித்துவிட்டு, மகள் அறையின் வால்வைத் தன் கையாலேயே மூடிவிட்டுப் போகிறாள்.

அந்த இடத்தில் கெரிட் கோப்பையைக் கீழே வைத்தார். “போதும் லவான். மிச்சம் நாளைக்கு” என்றவர் எழுந்து கார்க் கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

லவானுக்குப் புரியாமல் இல்லை. பென்சிலைக் காதில் செருகுகிறவள் நம் ஊரில் வேறு யார்? ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். திட்டு எங்கே என்று தேடினாள். திட்டு இல்லை. மூடினாள், போனாள், அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மிச்சக் கதையில் இஸ்ஸா, சாவி கொடுத்தால் சிறகடிக்கும் ஒரு பித்தளைப் புறாவோடு, பறக்கும் கப்பலில் ஒளிந்து நகரத்தைவிட்டுப் போகிறாள். மதிலுக்கு வெளியே, வெறும் பனியில், வால்வு மூடப்பட்ட ஜனங்கள் ஒரு சின்ன நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அதை ஊதிக்கொண்டிருக்கிறவர் அந்த அரசர். இத்தனை காலமும் அவர் உள்ளே இல்லை, வெளியேதான் இருந்திருக்கிறார். கை முழுக்கத் தீக்காயம். “உன் முள் நடுங்கினது நான் கதவைத் தட்டினதால” என்கிறார் இஸ்ஸாவிடம். லவானுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷப் பிரசங்கத்தில் ஒருத்தரும் இப்படிச் சொல்லவில்லையே என்று நெஞ்சு விம்மியது. விம்மின கையோடு, ‘ஆனால் அரசர் வருவது மூன்றே பக்கம்’ என்று புத்தி சொன்னது. பாவி புத்தி, அதற்கு ஓய்வே கிடையாது.

“எழுதிட்டியா?” என்று கெரிட் மறுநாள் கேட்டார்.

“எழுதணும்.”

“இதுல என்ன எழுதறதுக்கு இருக்கு? ‘நல்லா இருக்கு’ன்னு எழுது. ரெண்டு வார்த்தை. பொய்யா அது?”

“பொய் இல்ல.”

“அப்புறம் என்ன?”

“வலப்பக்கம் காலியா விட்டா படிக்காம எழுதிட்டேன்னு நினைப்பா கெரிட். தன் மூஞ்சிக்காகச் சொல்றேன்னு நினைப்பா. ஊர்க்காரங்க சொந்தப் பொண்ணுன்னு தூக்கி வச்சுட்டான்னு பேசுவாங்க, அது போகட்டும். அவ என்ன நினைப்பா?”

கெரிட் மாடிக்குப் போய் மிச்சச் சாமான்களை இறக்கினார்.

தெல்மாவும் தன் பங்குக்கு வந்து, “நான் எழுதிடறேன் லவான். நீ கையெழுத்து மட்டும் போடு. தாய் மகளுக்குத் தீர்ப்பு சொல்ற வேலை நமக்கு எதுக்கு?” என்றாள். லவான் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை கேட்டது அம்மாவின் சீட்டு. பிள்ளை வாய்திறந்து கேட்ட ஒன்றை ஏமாற்றிக் கொடுப்பதா?

அப்படியாக உட்கார்ந்து எழுதினாள். இடப்பக்கம்: ‘மொழி சுத்தம். கெட்ட வார்த்தை இல்லை. நகரம் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று வாசகர் குழம்புவதில்லை. மதிலுக்கு வெளியே அரசர் வரும் இடம் மிக நன்று.’ மிக நன்று என்பதை வெகுநேரம் பார்த்தாள். ரப்பரால் அழித்துவிட்டுப் பரவாயில்லை என்று எழுதினாள். மிக நன்று என்று இதுவரை எந்தப் புத்தகத்துக்கும் எழுதாதவள், இதற்கு எழுதினால் யார் நம்புவார்கள்?

வலப்பக்கம் தானாக ஓடியது. ‘அரசர் வருவது மூன்றே பக்கம், போதாது. ஜெபம் எது, மந்திரம் எது என்று தெளிவாக இல்லை. நாயகி எந்த இடத்திலும் மனந்திரும்பவில்லை. பித்தளை இயந்திர வர்ணனை கதையை இழுத்துப் பிடிக்கிறது. பறக்கும் கப்பலில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாக ஆசரிக்கப்பட்டதா என்று தெரியவில்லை. பித்தளைப் புறா பரிசுத்த ஆவியைக் குறிக்கிறது என்றால் அதற்குச் சாவி கொடுப்பது தகாது.’ சீட்டு முடிந்துபோய் அடியில் இன்னொரு சீட்டை ஒட்டினாள். கடைசி வரி: ‘தலைமை அளவுக்காரி மகள் அறையின் வால்வை ஏன் மூடுகிறாள் என்பதற்கு நூலில் காரணம் சொல்லப்படவில்லை. ஒரு தாய் காரணமில்லாமல் அப்படிச் செய்ய மாட்டாள். இதுவே பெரிய குறை.’

எழுதி முடித்தபோது அவளுக்கு ஒரு நிறைவு. வேறெந்தப் புத்தகத்துக்கும் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. இவ்வளவு கவனித்துப் படித்திருக்கிறேன் என்று பிள்ளைக்குத் தெரியும் அல்லவா? அடி பைத்தியமே என்று வெளியூர்க்காரி ஒருத்தி இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். எங்கள் ஊரில் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. “சொந்தப் பொண்ணையே விடல பாரு, அதுதான் லவான்” என்று பெருமையாகப் பேசினோம். ஒரு மூப்பர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீட்டு அவ்வளவு நீளம் என்றதும், கேட்கவேண்டுமா, பிள்ளைகள் வரிசை கட்டிப் புத்தகத்தை வாங்கிப்போனார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கெரிட் பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். லவான் எடுத்தாள்.

“சீட்டு ஒட்டிட்டியாம்மா?”

“ஒட்டிட்டேன்.”

“படிச்சுக் காட்டேன்.”

“புத்தகம் வெளியில போயிருக்கு. எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க” என்றாள் லவான். அதாவது இதைச் சொல்லியே தப்பித்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள்.

“உனக்கு மனப்பாடம்னு எனக்குத் தெரியும்மா. சொல்லு.”

சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். இடப்பக்கம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. வலப்பக்கம் ஆரம்பித்தபோதுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. எழுதும்போது அன்பாகத் தெரிந்ததெல்லாம் வாயில் வரும்போது கல்லாக வந்தது. நிறுத்திவிடலாமா என்று பார்த்தாள். அந்தப் பக்கம் “ம்”, “ம்” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பாதியில் விட்டால் அது பொய் ஆகிவிடுமே என்று மேலே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை என்ற இடத்தில் கெண்ட்ரா சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள். “ஐயோ அம்மா! பறக்கற கப்பல்ல ஞாயித்துக்கிழமையா? சத்தியமா எனக்குத் தோணவே இல்ல. நல்ல கேள்விம்மா அது.”

லவானுக்கு உயிர் வந்தது. கெரிட் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார், அவர் முகமும் மலர்ந்தது.

“புறாவுக்குச் சாவி குடுக்கறதும் சரிதான், எடிட்டரும் அதையேதான் சொன்னார். அரசர் மூணு பக்கம்தான் வரார், அதுவும் நிஜம். இதுக்கெல்லாம் நான் இப்ப அழறதில்லம்மா. எழுதி எழுதித் தோல் தடிச்சுப்போச்சு. அப்புறம்? முடிஞ்சுதா?”

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

“சொல்லு.”

லவான் கடைசி வரியைச் சொன்னாள். பெரிய குறை என்பது வரைக்கும் சொன்னாள். அந்தப் பக்கம் “ம்” வரவில்லை.

“கெண்ட்ரா? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. சின்ன வயசில் தாளைக் கொண்டுவந்து நீட்டும்போது இருக்குமே, அந்தக் குரல். “அதுதான்மா புத்தகத்துல இருக்கற ஒரே ஓட்டை. எனக்கே தெரியும். அந்த அளவுக்காரி ஏன் மூடறான்னு எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன். கடமைக்காகன்னு எழுதினேன். பொறாமைன்னு எழுதினேன். அவளுக்கு மகளைப் பிடிக்கலன்னுகூட எழுதினேன். எல்லாம் பொய்யா இருந்துச்சு, கிழிச்சுப் போட்டுட்டேன். எனக்குக் காரணம் தெரியலம்மா. அதான் இடத்தைக் காலியா விட்டு உனக்கு அனுப்பினேன். நீ சொல்லு. அவ ஏன் மூடறா?”

லவான் வாயைத் திறந்தாள்.

பதில் ஒன்று தயாராக நாக்கு நுனியில் நின்றது. மூப்பர்கள் உன்னைக் குடைந்து அவமானப்படுத்திவிடக் கூடாது என்று, அவர்களுக்கு முன்னால் நானே எல்லாக் குறையையும் எடுத்துவிடப் பார்த்தேன். உனக்காகப் பயந்துதான் செய்தேன். நல்ல பதில். கேட்டால் யாருக்கும் மனசு இளகும். அதைச் சொல்லப் போகும்போதே பின்னாலேயே இன்னொன்று வந்து நின்றது. குறையுள்ள தாளோடு என் மகள் போய் நின்றால் என் பெயர் என்ன ஆகும் என்றுதானே முதலில் நினைத்தாய்? சபை திரும்பிப் பார்த்தபோது பூமி பிளக்கட்டும் என்று வேண்டியது யாருக்காக? பிள்ளைக்காகவா? அறிக்கைத் தாளைத் திருத்திய அன்றைக்கு, கையில் பென்சிலோடு இருந்த அந்தத் தாய் எதற்காகச் செய்தாள் என்று லவான் தேடித் தேடிப் பார்த்தாள். இரண்டில் எது நிஜம் என்று தெரியவில்லை. வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லாதவள். இதில் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடுமோ என்று பயந்தாள்.

கெரிட் கிட்ட வந்து, “பயந்துட்டேன்னு சொல்லு. சொல்லேன்” என்று கிசுகிசுத்தார்.

“யோசிக்கணும்டி” என்றாள் லவான் போனில்.

கெண்ட்ரா, “சரிம்மா. யோசி. ஈஸ்டர் இந்தத் தடவை வேண்டாம். பதில் தெரிஞ்சா கூப்பிடு, எப்ப வேணா கூப்பிடு. அப்பாவை இடுப்பைப் பார்த்துக்கச் சொல்லு” என்றாள். வைத்துவிட்டாள். பட்டாணி சூப் அடிப்பிடித்த வாசனை வீடெல்லாம் பரவியது.

அந்த ஈஸ்டர் போயிற்று. இப்போது இலையுதிர் காலமும் வந்துவிட்டது. நூலகத்தில் புதுப் புத்தகங்கள் சீட்டில்லாமல் பெட்டியில் கிடக்கின்றன. தெல்மா கேட்டால், “படிக்கிறேன், படிக்கிறேன்” என்கிறாள் லவான். ஆனால் படிப்பதில்லை. சபையில் பார்க்கிறோம், ஹாம் பன் பரிமாறுகிறாள், வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்கிறாள். அவளிடம் போய், எங்களுக்குக் காரணம் தெரியும் லவான், நாங்கள் எல்லாரும் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்ததுதான் என்று சொல்லலாம்தான். யார் சொல்வது? எங்களுக்கு மட்டும் எது நிஜம் என்று தெரியுமா?

போன வாரம் கெரிட் பொறுக்கமாட்டாமல் சொல்லியேவிட்டார். போனை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“ஏதாவது ஒண்ணைச் சொல்லிடு லவான். தப்பா இருந்தாலும் பரவாயில்ல. புள்ள காத்துட்டு இருக்கு.”

லவான் போனைப் பார்த்துக்கொண்டே மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“தப்பாச் சொன்னா கண்டுபிடிச்சுடுவா கெரிட். என் பொண்ணு இல்லையா அவ?”